மெண்டோசா – சாண்டியாகோ: ஆண்டஸ் மலையைக் காரில் தாண்டும்போது சொதப்பும் இடங்கள்

அர்ஜென்டினாவின் மெண்டோசாவிலிருந்து சிலியின் சாண்டியாகோவுக்கு மேப்பில் சுமார் 360 கிலோமீட்டர்தான். மதியத்துக்குள் போய்விடலாம் என்று அன்று சாயங்காலமே விமான டிக்கெட் போட்டு வைப்பதுதான் முதல் தவறு. ரோடு ஏமாற்றாது, எல்லையில் நிற்கும் வரிசைதான் ஏமாற்றும். விடுமுறை நாட்களில் அதுவே பல மணி நேரம் இழுக்கும்.

வாடகைக் கார் என்றால், எல்லை தாண்ட அந்த நிறுவனம் நோட்டரி கையெழுத்தோடு தனி அனுமதிக் கடிதம் தர வேண்டும். காலையில் சாவி வாங்கும்போது கேட்டால் கிடைக்காது, சில நாள் முன்பே சொல்லிவைக்க வேண்டும். இன்சூரன்ஸ் அந்தப் பக்கமும் செல்லுமா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

அதிகம் பேர் மாட்டுவது பழத்தில்தான். 1995-இல் வாங்கிய 'பழ ஈ (பழங்களைக் கெடுக்கும் பூச்சி) இல்லாத நாடு' என்ற பெயரைக் காப்பாற்ற சிலி ரொம்பவே மெனக்கெடுகிறது. நீங்களோ பழம், உணவுப் பொருள் இருக்கிறதா என்று கேட்கும் எல்லைப் படிவத்தில் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு நிற்கிறீர்கள், மோப்ப நாய் உங்கள் பையைச் சுற்றிச் சுற்றி வருகிறது, பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தால் நேற்று பாதி கடித்து டிஷ்யூவில் சுற்றி வைத்த ஆப்பிள்! 'ஆம்' என்று எழுதியிருந்தால் பழம் மட்டும்தான் போயிருக்கும், இப்போது அபராதமும் சேர்ந்து வரும். தேன், பால் பொருட்கள், இறைச்சி எதுவானாலும் சந்தேகம் வந்தால் 'ஆம்' போடுங்கள்.

போகும்போது அர்ஜென்டினா பக்கம் யாரும் முத்திரை குத்தவில்லையே என்று பதற வேண்டாம். சிலிக்குப் போகிறவர்களுக்கு இரண்டு நாட்டு வேலையும் சிலிப் பக்கச் சாவடியிலேயே முடிந்துவிடும்.

பெட்ரோலை அர்ஜென்டினா பக்கம் வழியில் வரும் உஸ்பஜாட்டா என்ற ஊரில் நிரப்பிக்கொள்ளுங்கள். மெண்டோசா சுமார் 750 மீட்டர் உயரம், எல்லைச் சுரங்கப்பாதை ஏறத்தாழ 3,200. அரை நாளில் அவ்வளவு ஏறினால் சிலருக்குத் தலை வலிக்கும். சுரங்கத்தைத் தாண்டி, சாவடியும் முடிந்த பிறகு வருவது 'கரகோலஸ்' கொண்டை ஊசி வளைவுகள். லாரிக்குப் பின்னால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும், கியரைக் குறைத்து இறங்குங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பனி கொட்டினால் பாதையே நாள்கணக்கில் மூடிக்கிடக்கும். கிளம்பும் அன்று காலையில் திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். டயர் சங்கிலியை வாங்கி டிக்கியில் போட்டால் மட்டும் போதாது, வீட்டு வாசலில் ஒரு தடவை மாட்டிப் பாருங்கள். விறைத்த விரலோடு பனியில் கற்றுக்கொள்கிற வேலை இல்லை அது.

அப்புறம், வண்டிக்காகச் சுங்கத்தில் ஒரு தாள் தருவார்கள். ஏதோ ரசீது என்று கசக்கிப் போட்டுவிடாதீர்கள், திரும்பி வரும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.