நாற்பதுக்கு மேல் முடி வெட்டக் கற்றுக்கொள்ள நினைக்கிறீர்களா? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சில விஷயங்கள்

பிள்ளைகள் காலேஜ் போய்விட்டார்கள், இனிமேலாவது ஒரு கைத்தொழில் வேண்டும், இந்த வயதில் முடி வெட்டக் கற்றுக்கொள்ள முடியுமா என்று என்னிடம் கேட்பவர்கள் நிறைய. முடியும். நானும் பிள்ளைகள் வளர்ந்த பிறகு கற்றுக்கொண்டவள்தான், இப்போது காவேரிப்பட்டணம் பக்கம் சின்னதாகப் பார்லர் நடத்துகிறேன். வயது இதில் பெரிய தடையே இல்லை. கற்றுக்கொள்ளும் காலத்தில் நிஜமான தலைகள் எத்தனை உங்கள் கைக்கு வந்தன என்பதுதான் நீங்கள் நிலைப்பீர்களா மாட்டீர்களா என்பதைத் தீர்மானிக்கிறது. கீழே சொல்வதெல்லாம் அதை மனதில் வைத்துத்தான்.

முதலில் எந்தப் பக்கம் போகப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். ஆண்கள் சலூன் என்றால் மெஷின், கத்தி, தாடி. வாடிக்கையாளர் மாதம் ஒருமுறையாவது வந்தே ஆக வேண்டும், அதனால் வருமானம் சீராக இருக்கும். பெண்கள் பார்லரில் அப்படி இல்லை. அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை மாதிரி ஊர்களில் நீளமுடி வைத்திருக்கும் பெண்கள் நுனி வெட்டிக்கொள்ளவே எப்போதாவதுதான் வருவார்கள், ஆனால் புருவம் த்ரெட்டிங் செய்ய அடிக்கடி வருவார்கள். எனவே முடி மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள், த்ரெட்டிங்கையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், அதுதான் கடை வாடகைக்கு உதவும். ஓசூர் வேறு மாதிரி. அங்கே தொழிற்சாலைகளில் வேலை செய்துகொண்டு விடுதிகளில் தங்கும் இளம்பெண்கள் அதிகம், லேயர் கட், ஸ்மூத்தனிங் (கிரீம் போட்டு முடியை நேராக்குவது), கலரிங் எல்லாம் கேட்பார்கள், பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான் என்பதால் அங்கே பார்த்ததையே இங்கேயும் கேட்பார்கள். ஓசூரில் கடை போடுவதாக இருந்தால் கொஞ்சம் கன்னடமும் தெலுங்கும் பேசத் தெரிந்திருப்பது நல்லது.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, நடுவயதில் வருகிறவர்களுக்கு என்னைக் கேட்டால் இதுதான் மிகவும் பொருத்தம்: வயதானவர்களுக்கு வீட்டுக்கே போய் வெட்டிவிடுவது. பிள்ளைகள் பெங்களூரிலும் சென்னையிலும் இருக்க, முட்டிவலியோடு வீட்டில் இருக்கும் அப்பாக்கள், கை தூக்க முடியாமல் ஜடை பின்ன முடியாத அம்மாக்கள், படுக்கையிலேயே இருப்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. அவர்கள் வீட்டுக்குள் இருபது வயதுப் பெண்ணை விடுவதற்கு யோசிப்பவர்கள்கூட உங்களை "வாங்கக்கா, உட்காருங்க" என்று கூப்பிடுவார்கள். பொறுமையாக உட்கார்ந்து பேசத் தெரிந்த ஒருவர்தான் இந்த வேலைக்குத் தேவை.

இப்போது எங்கே கற்பது. ஊரகப் பகுதியில் இருப்பவர்கள் முதலில் இந்தியன் வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்துக்குப் போய்க் கேளுங்கள், தருமபுரியிலும் இருக்கிறது, கிருஷ்ணகிரியிலும் இருக்கிறது. அழகுக்கலைப் பயிற்சி ஏறக்குறைய ஒரு மாதம் நடக்கும், கட்டணம் இல்லை, சாப்பாடும் அவர்களே தருவார்கள். மேல் வயது வரம்பு உண்டு, அதனால் நாற்பதைத் தாண்டியவர்கள் "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடாமல் உடனே போய் அடுத்த பேட்ச் எப்போது என்று கேட்டுப் பெயர் கொடுங்கள். பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஐடிஐயில் காஸ்மெட்டாலஜி என்று ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. தமிழ்நாட்டு ஐடிஐகளில் பெண்களுக்கு மேல் வயது வரம்பு கிடையாது, இது பலருக்குத் தெரியாது. மகள் வயதுப் பிள்ளைகளோடு வகுப்பில் உட்காருவது முதல் வாரம் கூச்சமாக இருக்கும், அப்புறம் அவர்களே உங்களிடம் வந்து வீட்டுக் கதையெல்லாம் சொல்வார்கள்.

தனியார் பயிற்சி நிலையங்களில்தான் கவனம் வேண்டும். சில ஆயிரத்திலிருந்து லட்சத்துக்கு மேல்வரை கேட்கிறார்கள், சர்ட்டிபிகேட்டைச் சட்டம் போட்டுக் காட்டுகிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் அங்கே போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள், மறுத்தால் அந்த இடம் வேண்டாம். நிஜமான ஆட்களுக்கு எத்தனை கட்டிங் செய்ய விடுவீர்கள், அது எந்த வாரத்தில் தொடங்கும், ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள், வெட்டிப் பழகும் டம்மி தலை (பொம்மைத் தலை) ஒருவருக்கு ஒன்றா பத்துப் பேருக்கு ஒன்றா, கத்தரி கட்டணத்தில் சேர்த்தியா, இதையெல்லாம் தயங்காமல் கேளுங்கள். ஆசிரியர் வெட்டுவதைச் சுற்றி நின்று பார்ப்பதையே பயிற்சி என்று சொல்லும் இடங்கள் உண்டு. அங்கே மூன்று மாதம் படித்து வந்தவர்கள் சீப்பையும் கத்தரியையும் ஒரே கையில் பிடிக்கத் தெரியாமல் என்னிடம் வந்து நின்றிருக்கிறார்கள், அவர்கள் கட்டிய பணத்தை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள், தவணையாகக் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள்.

இன்னொரு நல்ல வழி, பல வருடமாகக் கடை நடத்தும் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்வது. சம்பளம் குறைவாக இருக்கும், முதலில் தரையில் கிடக்கும் முடியைக் கூட்டவும் தலையை அலசிவிடவும்தான் விடுவார்கள். பரவாயில்லை. தலை அலசும்போதுதான் முடியின் அடர்த்தி, சுழி எங்கே இருக்கிறது, உச்சந்தலையில் எங்கே மெலிந்திருக்கிறது என்று விரலுக்குத் தெரிய வரும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் பக்கம் இந்தத் தொழிலோடு சாதியை ஒட்டிவைத்திருக்கிறார்கள். "பார்லர்னா சரி, முடி வெட்டறதுன்னா வேண்டாம்" என்று உங்கள் சொந்தக்காரர்களே சொல்வார்கள். இரண்டும் ஒரே வேலைதான். தலைமுறை தலைமுறையாக இதைச் செய்துவரும் குடும்பங்களை ஊர் எப்படி நடத்தியது என்று நமக்குத் தெரியும், அவர்களிடம் இருக்கும் கைப்பழக்கம் எந்த இன்ஸ்டிடியூட்டிலும் கிடைக்காது என்பதும் உண்மை. அப்படி ஒருவரிடம் கற்றுக்கொள்ளக் கிடைத்தால் குருவாக நினைத்து மரியாதையோடு கற்றுக்கொள்ளுங்கள், உரிய பணத்தைக் கொடுங்கள். வீட்டில் யாராவது முகம் சுளித்தால் அவர்களுக்குப் பதில் சொல்லும் தைரியம் இருந்தால் மட்டும் இந்தத் தொழிலுக்கு வாருங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். கத்தரியில் கட்டை விரலும் மோதிர விரலும்தான் நுழைய வேண்டும், வெட்டும்போது கட்டை விரல் மட்டும் அசைய வேண்டும், மற்ற விரல்கள் அசையாமல் இருக்க வேண்டும். தையல் கத்தரி பிடித்துப் பழகிய கைக்கு இது லேசில் வராது. டிவி பார்க்கும்போது வெறும் கத்தரியைக் கையில் வைத்துத் திறந்து மூடிப் பழகுங்கள். ஐந்தரை அல்லது ஆறு அங்குலக் கத்தரி போதும், நல்லதாக ஒன்று வாங்குங்கள், அதில் துணியோ பேப்பரோ வெட்டாதீர்கள், வீட்டில் யாரையும் தொடவும் விடாதீர்கள்.

அடுத்தது முடியைப் பிரிப்பது. நெற்றியிலிருந்து பிடரி வரை ஒரு கோடு, காதிலிருந்து காது வரை ஒரு கோடு, நாலு பாகம், நாலு கிளிப். பிடரியில் முதலில் ஒரு மெல்லிய வரிசையை எடுத்து எவ்வளவு நீளம் என்று வெட்டிக்கொண்டு, அதை அளவாக வைத்து மேலே மேலே போக வேண்டும். முடியைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டு வெட்டினால் எல்லாம் ஒரே நீளத்தில் நேராக விழும். தலையிலிருந்து செங்குத்தாக, அதாவது 90 டிகிரிக்கு இழுத்துப் பிடித்து வெட்டினால் லேயர் வரும். 45 டிகிரி என்றால் அடியில் கனம் சேர்ந்து அடுக்காக நிற்கும். கேட்கப் பெயர் பெயராக இருக்கும் கட்டிங்குகள் பெரும்பாலும் இந்த மூன்று கோணங்களைக் கலந்து செய்வதுதான், இது பிடிபட்டால் எந்தப் போட்டோவைக் காட்டினாலும் பயம் வராது. ஈரமுடி நீளமாகத் தெரியும், காய்ந்ததும் ஏறிக்கொள்ளும், சுருட்டை என்றால் இன்னும் அதிகம் ஏறும், அதனால் கேட்டதைவிட அரை அங்குலம் விட்டே முதலில் வெட்டுங்கள். எண்ணெய் வழியும் தலையில் கத்தரி வைக்காதீர்கள், முதலில் அலசுங்கள். ஆண்களுக்கு வெட்டுவதாக இருந்தால் மெஷினில் ஒன்றாம் நம்பர் கார்டு (முன்னால் மாட்டும் சீப்பு) 3 மில்லிமீட்டர், இரண்டாம் நம்பர் 6 மில்லிமீட்டர் விடும். பெரிய நம்பரில் தொடங்கிச் சிறியதற்கு இறங்குங்கள்.

"கொஞ்சமா வெட்டுங்க" என்று ஒருவர் சொன்னால் அதை நம்பிக் கத்தரியை எடுக்கவே கூடாது. அவர் முடியை அவர் கையிலேயே கொடுத்து, எதுவரை என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

டம்மியில் கை பழகியதும் வீட்டு ஆட்கள், அப்புறம் அக்கம்பக்கம். முதியோர் இல்லத்தில் அனுமதி கேட்டு, தெரிந்த ஒருவர் மேற்பார்வையில் இலவசமாக வெட்டிக்கொடுக்கலாம். ஒவ்வொரு தலையையும் முன், பின், இரண்டு பக்கம் போட்டோ எடுத்து வைத்தால் (அவர்களைக் கேட்டுவிட்டு) எங்கே கோணுகிறது என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இளம்பிள்ளைகளுக்கு எழுதும் குறிப்புகளில் இது இருக்காது. நாற்பதுக்கு மேல் கிட்டத்துப் பார்வை மங்கும். கண்ணாடிக் கடையில் "நான் கை நீட்டுகிற தூரத்தில் வேலை செய்கிறேன்" என்று சொல்லி அதற்கு ஏற்ற பவர் கேளுங்கள், பேப்பர் படிக்கும் தூரத்துக்கான கண்ணாடி இதற்குச் சரிப்படாது. நாள் முழுக்க நிற்பதால் காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும், ஏற்கெனவே இருந்தால் டாக்டரிடம் அதற்கான இறுக்கமான காலுறை கேட்டு வாங்குங்கள், நிற்கும் இடத்தில் ரப்பர் பாய் போடுங்கள். நாற்காலி ஏற்றி இறக்கக்கூடியதாக இருக்கட்டும், தோளைத் தூக்கிக்கொண்டே வெட்டினால் ஒரே வருடத்தில் தோள் போய்விடும். சர்க்கரை இருப்பவர்கள் விரலில் சின்ன வெட்டு பட்டாலும் கழுவிக் கட்டுப்போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடர வேண்டும்.

டை, கலரிங் விஷயத்தில் அவசரமே கூடாது. கருப்பு டை பலவற்றில் பிபிடி என்ற ரசாயனம் இருக்கிறது, சிலருக்கு அது முகமெல்லாம் வீங்கும் அளவுக்கு ஒவ்வாமை தரும். 48 மணி நேரத்துக்கு முன்பே காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி டெஸ்ட் செய்யுங்கள், "பத்து வருஷமா போடறேன், ஒண்ணும் ஆகாது" என்று சொல்பவர்களுக்கும் செய்யுங்கள், ஏனென்றால் ஒவ்வாமை திடீரென்று எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். டையோடு கலக்கும் பெராக்சைடு திரவமான டெவலப்பரில் 10 வால்யூம் என்றால் 3 சதவீதப் பெராக்சைடு, 20 என்றால் 6, 30 என்றால் 9. நரையை மறைக்கப் பெரும்பாலும் 20 போதும். ஸ்மூத்தனிங், கெரட்டின் செய்யும்போது சில கிரீம்கள் சூட்டில் ஃபார்மால்டிஹைடு வாயுவை விடும், கண் எரியும், ஏசி போட்டு மூடிய அறையில் அதைச் செய்யாதீர்கள். முடிதிருத்தும் தொழிலாளர்கள் வேலையில் எதிர்கொள்ளும் ரசாயனச் சூழலை, அநேகமாகப் புற்றுநோய் வரவைக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. பயந்துவிட வேண்டாம், கையுறை போடாமல் டையைத் தொடாதீர்கள், அவ்வளவுதான்.

பிளேடு ஒருவருக்கு ஒன்றுதான், அவர் கண்ணெதிரிலேயே பிரித்து, முடிந்ததும் தனி டப்பாவில் போடுங்கள். மஞ்சள்காமாலை பி, சி, எச்ஐவி எல்லாம் ரத்தம் வழியாகப் பரவுபவை. கத்தரி, சீப்பைச் சோப்புத் தண்ணீரில் கழுவிய பிறகு கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள்.

தண்ணீர் நம் மாவட்டங்களில் தனிப் பிரச்சினை. போர் தண்ணீர் பல இடங்களில் கடும் உப்பு, ஷாம்பு நுரைக்காது, முடி கரடுமுரடாகும், கலரும் சீக்கிரம் மங்கும். கடை பார்க்கும்போது குழாயைத் திறந்து சோப்பு போட்டுப் பாருங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிற தெரு என்றால் கடைசியாக ஒருமுறை அலசுவதற்காவது அதைப் பிடித்து வையுங்கள்.

கடை தொடங்க நல்ல நேரம் கல்யாண மாதங்களுக்குக் கொஞ்சம் முன்பு. ஆடியிலும் மார்கழியிலும் மணப்பெண் வேலை வராது, அந்த மாதங்களின் வாடகையை முன்கூட்டியே ஒதுக்கி வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். முதல் வருடம் வீட்டு முன்னறையிலேயே தொடங்குங்கள் என்பேன், ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, நல்ல வெளிச்சம் போதும்.

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம், அதற்குப் பணம் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள். 2025 ஏப்ரலில் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் சிகை அலங்காரமும் அழகுக்கலையும் இருக்கின்றன, குறைந்தபட்ச வயதே 35 என்பதால் நம் வயதுக்காரர்களுக்கு ஏற்றது: 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். ஆனால் இது தொழில் தெரிந்தவர்களுக்கானது, கற்று முடித்துச் சில வருட வேலை காட்டக்கூடிய நிலைக்கு வந்த பிறகு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள்.

அதற்கு முன்பே செய்ய வேண்டியது முடிதிருத்துவோர் நல வாரியத்தில் பதிவு. 18 வயதிலிருந்து 60 வயதுக்குள் இருப்பவர்களைத்தான் சேர்ப்பார்கள், விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, 60 முடிந்ததும் ஓய்வூதியம் என்று பலன்கள் இருக்கின்றன. தாமதமாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் இதை மறந்துவிட்டு ஐம்பத்தொன்பதில் ஓடுகிறார்கள். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், போட்டோ எடுத்துக்கொண்டு, தொழிலில் இறங்கிய முதல் வருடத்திலேயே தொழிலாளர் துறையின் சமூகப் பாதுகாப்புத் திட்ட அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.