ஒரே ஃபண்டை நம்பி ஓடும் டிரஸ்ட்டா? வருமான வழிகளை விரிப்பது எப்படி: தொடக்க நிலையினருக்கு

மார்ச் வந்தால் சின்ன டிரஸ்ட்டுகளில் ஒரே பேச்சுதான்: "அடுத்த வருஷம் ஃபண்ட் வருமா?" புராஜெக்ட் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும். புதுப்பிப்புக் கடிதம் ஜூனில் வரலாம், ஆகஸ்ட்டில் வரலாம், வராமலும் போகலாம். அதுவரை டீச்சருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? நன்றாக நடந்துகொண்டிருந்த மையங்கள்கூட இந்த இடைவெளியைத் தாண்ட முடியாமல்தான் பூட்டப்படுகின்றன.

வருமான வழிகளைப் பெருக்குங்கள் என்று எல்லாப் பயிற்சி முகாமிலும் சொல்வார்கள். சரிதான். ஆனால் பணம் எத்தனை இடத்திலிருந்து வருகிறது என்று எண்ணுவதற்கு முன்னால், அதில் எவ்வளவை நீங்களே முடிவுசெய்து செலவழிக்க முடியும் என்று பாருங்கள். ஐந்து கம்பெனிகள் ஐந்து புராஜெக்ட்டுக்குக் கொடுத்தும் கரண்ட் பில்லுக்கு ஒருவர் பணமும் உதவாது என்றால் பழைய நிலைமையேதான் தொடர்கிறது. கீழே உள்ள படிகள் தமிழ்நாட்டில் பதிவான சிறு டிரஸ்ட், சங்கங்களை மனதில் வைத்து எழுதியவை.

படி 1: மூன்று வருட வரவை ஒரே தாளில் எழுதுங்கள்

எக்செல் தெரிந்தால் எக்செல், இல்லையென்றால் ஒரு நீள நோட்டு. யார் கொடுத்தார், எவ்வளவு, இதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டா, அடுத்த ஆண்டும் வருமா என நான்கு பத்திகள். அரிசி மூட்டை, பழைய துணி, நோட்டுப் புத்தகம் எல்லாம் தனிப் பக்கத்தில் இருக்கட்டும். அவற்றைப் பண வரவோடு சேர்த்தால் கணக்கு உங்களையே ஏமாற்றும்.

ஒரு கற்பனை டிரஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். நான்கு கிராமங்களில் மாலை நேரப் படிப்பு மையம், ஆண்டுச் செலவு 12 லட்சம். ஒரு கம்பெனி 9 லட்சம் தருகிறது. பிறந்தநாள், திருமண நாள் நன்கொடைகள் 2 லட்சம். மீதி ஒரு லட்சத்தை நிர்வாக அறங்காவலர் கைக்காசாகப் போடுகிறார். அதாவது 75% ஒரே கையிலிருந்து வருகிறது. அந்த அலுவலகத்தில் சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு) பொறுப்பாளர் மாறினாலே கதை முடிந்தது. நிபந்தனையில்லாத பணம் மூன்று லட்சம்தான், அதிலும் ஒரு லட்சம் ஒருவரின் சொந்தச் சேமிப்பு. மூன்று ஆண்டுகளில் அந்தக் கம்பெனியின் பங்கை 40%-க்குக் கீழே கொண்டுவருவது என்று இலக்கு வைக்கலாம். கம்பெனி கொடுப்பதைக் குறைக்கச் சொல்லத் தேவையில்லை, மற்ற வரவு வளர்ந்தால் பங்கு தானாகக் குறையும்.

படி 2: காகிதங்கள் சரியாக இருக்கின்றனவா?

வருமான வரித் துறையில் வாங்கும் 12ஏ பதிவு உங்கள் டிரஸ்ட்டின் வருமானத்துக்கு வரிவிலக்கு தருவது. 80ஜி, உங்களுக்குக் கொடுக்கும் நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தருவது. இரண்டும் காலாவதி உள்ளவை. பதிவு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே புதுப்பிக்காமல் விட்டவர்கள் ஏராளம். சான்றிதழை எடுத்துத் தேதியைப் பாருங்கள். தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்திலும் பதிவுசெய்யுங்கள், கட்டணம் கிடையாது. வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. பேச்சில் எல்லோரும் 12ஏ, 80ஜி என்றே சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். புது எண்களை ஆடிட்டரிடம் கேட்டு ரசீதில் அச்சடியுங்கள்.

80ஜி பற்றிப் பரவலாக ஒரு தவறான எண்ணம் உண்டு. பத்தாயிரம் கொடுத்தால் ஐந்தாயிரம் திரும்ப வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பொதுவாக நன்கொடையில் 50%, வரிக்குரிய வருமானத்திலிருந்து கழியும், அதற்கும் உச்சவரம்பு உண்டு. 20% வரி வரம்பில் இருப்பவர் பத்தாயிரம் கொடுத்தால் மிச்சமாவது ஏறத்தாழ ஆயிரம். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதுவும் இல்லை, பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது. ஆகவே "வரிவிலக்கு உண்டு" என்பதை நோட்டீஸின் தலைப்பாக்காதீர்கள், அடியில் ஒரு வரி போதும். வேலையைச் சொல்லிக் கேளுங்கள்.

படி 3: ஒரு மையம் நடத்த உண்மையில் எவ்வளவு ஆகிறது?

வெளியிலிருந்து பணம் கேட்கும் முன் செய்ய வேண்டிய கணக்கு இது. நம் கற்பனை டிரஸ்ட்டில் ஒரு மையத்துக்கு டீச்சர் சம்பளம், சுண்டல், புத்தகம் எல்லாம் சேர்த்து 2,40,000 ரூபாய். இதை அப்படியே விண்ணப்பத்தில் எழுதுவது வழக்கம். ஆனால் அலுவலக வாடகை, கணக்கர், ஆடிட்டர், போன், ஒருங்கிணைப்பாளரின் பஸ், பெட்ரோல் என்று பொதுச்செலவு ஆண்டுக்கு 2,40,000 இருக்கிறது. நான்கு மையங்களுக்குப் பிரித்தால் தலைக்கு 60,000. ஆக, ஒரு மையத்தின் உண்மையான செலவு மூன்று லட்சம்.

2,40,000 என்று எழுதி வாங்கினால், அந்த நன்கொடை கிடைத்த சந்தோஷத்தோடு 60,000 ரூபாய்க் கடனையும் ஏற்றுக்கொள்கிறீர்கள். புராஜெக்ட் கூடக் கூடக் கையிருப்பு கரைவது இதனால்தான். "நிர்வாகச் செலவு தரமாட்டோம்" என்பவர்களிடம் வாடகையையும் கணக்கரையும் மையத்தின் நேரடிச் செலவாகவே பிரித்துக் காட்டுங்கள். கணக்கர் அவர்கள் புராஜெக்ட்டுக்கு வாரம் ஒரு நாள் வேலை செய்கிறார் என்றால் அந்த ஒரு நாள் சம்பளம் அந்தப் புராஜெக்ட்டின் செலவுதான். அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

படி 4: மாதாமாதம் கொடுப்பவர்களைச் சேருங்கள்

என்னைக் கேட்டால் மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்குத்தான் நேரம் செலவிட வேண்டும். ஆதரவற்றோர் இல்லங்களிலும் சிறப்புப் பள்ளிகளிலும் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்: முகூர்த்த மாதங்களில் ஒரே நாளில் மூன்று குடும்பம் பிரியாணியோடு வந்து நிற்கும். ஆடியில் ஆள் இருக்காது. கேக் வெட்டும் படங்கள் நிறைய இருக்கும், மோட்டார் ரிப்பேருக்குக் காசு இருக்காது. கொடுக்கும் மனம் நம் ஊரில் தாராளமாக இருக்கிறது. பிடியரிசி எடுத்து வைத்துக் கொடுத்த பழக்கம் நம்முடையது. அந்த மனத்தை ஒரு நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்கு நீட்டச் செய்வதுதான் உங்கள் வேலை.

முதலில் பழைய ரசீதுப் புத்தகங்களை எடுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் ஒரு தடவைக்கு மேல் கொடுத்தவர்கள் யார்? முதல் பட்டியல் அதுதான். முன்பின் தெரியாதவருக்கு நூறு வாட்ஸாப் செய்தி அனுப்புவதைவிட, இவர்களில் இருபது பேரைப் போனில் அழைப்பது பலன் தரும். பேச்சு இப்படி இருக்கலாம்: "சார், போன வருஷம் அப்பா திதிக்குச் சாப்பாடு போட்டீங்க. இந்த வருஷம் மாசம் 300 ரூபாயா குடுக்க முடியுமா? அந்தத் திதி அன்னைக்கு அவர் பேர் சொல்லியே புள்ளைங்களுக்குச் சாப்பாடு போடறோம். மிச்ச மாசம் கரண்ட், டியூஷனுக்கு ஆகும்." நாளும் நிற்கும், பெயரும் நிற்கும், பணத்துக்கும் நிபந்தனை குறையும்.

கொடுப்பதை அவர் ஒவ்வொரு மாதமும் நினைவில் வைக்க வேண்டிய நிலை இருக்கக்கூடாது. யுபிஐ ஆட்டோபே வசதியில் ஒரு முறை ஒப்புதல் கொடுத்தால் போதும். 15,000 ரூபாய் வரையிலான தொகை மாதாமாதம் ஓ.டி.பி. கேட்காமல் போய்விடும், எடுப்பதற்கு முன் அவருக்குத் தகவலும் வரும். இதற்கு ஒரு பேமெண்ட் கேட்வே (இணையவழிப் பணம் வாங்கித் தரும்) நிறுவனத்தில் டிரஸ்ட் பெயரில் கணக்கு வேண்டும். அது அமையும்வரை மாதாமாதம் பணம் தானாகப் போகும்படி வங்கியில் நிலை அறிவுறுத்தல் (ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன்) கொடுக்கச் சொல்லலாம். பணத்தை அறங்காவலரின் சொந்த ஜிபே எண்ணுக்கு ஒருபோதும் வாங்காதீர்கள். பிறகு எத்தனை நேர்மையாகக் கணக்குக் காட்டினாலும் சந்தேகம் போகாது.

40 பேர் 300 ரூபாய் வீதம் கொடுத்தால் மாதம் 12,000, ஆண்டுக்கு 1,44,000. நம் கற்பனை அறங்காவலரின் கைக்காசு இதிலேயே மிச்சமாகிவிடும். 100 பேர் 500 வீதம் என்ற நிலைக்கு வந்தால் ஆண்டுக்கு 6 லட்சம். ஓரிரு மாதத்தில் இது நடக்காது. பாதியில் நிறுத்துபவர்களும் இருப்பார்கள். நிறுத்தியவரிடம் காரணம் கேட்டு நச்சரிக்க வேண்டாம், நன்றி சொல்லிவிட்டுச் செய்திமடலை மட்டும் தொடர்ந்து அனுப்புங்கள்.

அவர்களுக்குத் திரும்ப என்ன கொடுப்பது? உடனடி ரசீது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அரைப்பக்கத் தமிழ்க் கடிதம்: இந்த மாதம் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், என்ன சிக்கல், என்ன செலவு. பிள்ளைகள் கையேந்தி நிற்பது போன்ற படங்கள் வேண்டாம். ஆண்டு முடிவில் 80ஜி சான்றிதழ். இதற்கு இதுவரையிலான நடைமுறை, நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் நன்கொடையாளர் விவரம் அடங்கிய படிவம் 10பிடி-யை வருமான வரித் துறையில் தாக்கல் செய்து, 10பிஇ சான்றிதழை எடுத்துக் கொடுப்பது. பான் எண்ணை நன்கொடை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள், மே மாதத்தில் தேடி அலைய வேண்டாம்.

கடைகளில் உண்டியல் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கொடுத்தவர் பெயர், முகவரி இல்லாத நன்கொடை, மொத்த நன்கொடையில் 5% அல்லது ஒரு லட்சம், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு 30% வரி.

இணையவழிக் கூட்டு நிதி (கிரவுட் ஃபண்டிங்) ஒரு அவசரத் தேவைக்கு, ஒரு சிகிச்சைக்கு, ஒரு கூரைக்கு நல்லது. மாதச் சம்பளத்துக்கு அதை நம்ப முடியாது.

படி 5: சி.எஸ்.ஆர். பணத்தை அளவோடு நாடுங்கள்

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-இன்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2% சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். வாங்கும் அமைப்புக்கு 12ஏ, 80ஜி, மூன்றாண்டு அனுபவம், சி.எஸ்.ஆர்.-1 படிவப் பதிவு வேண்டும். தலைமையகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருப்பதைவிட, உங்கள் ஊர் அருகே ஆலை வைத்திருக்கும் கம்பெனியின் மனிதவளப் பிரிவில் நேரில் பேசுவது மேல். தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று சட்டமே அவர்களுக்குச் சொல்கிறது. லாபம் 5 கோடியைச் சற்றே தாண்டிய நடுத்தரக் கம்பெனிக்கு சி.எஸ்.ஆர். கடமை ஏறத்தாழ பத்து லட்சம்தான். உங்கள் அளவுக்கு அதுவே பொருத்தம், போட்டியும் குறைவு.

படி 6: விற்க எதாவது இருக்கிறதா?

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது. கட்டணம் கொடுப்பவர்களின் பணத்தில் கொடுக்க முடியாதவர்களுக்கும் அறுவை சிகிச்சை நடக்கிறது. வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகாததால் 1992-இல் ஆரோலேப் தொடங்கி, தாங்களே லென்ஸ் தயாரித்தார்கள். அருமையான முன்னுதாரணம். ஆனால் கண் புரை அறுவைக்குப் பணம் கொடுக்கத் தயாராக உள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். உங்கள் சேவைக்கு அப்படி யாராவது இருக்கிறார்களா என்பதே கேள்வி.

மெழுகுவர்த்தி, ஃபினாயில், காகிதப்பை என்று தொடங்குவது பெரும்பாலும் பலன் தருவதில்லை. கூலியையும் அலைச்சலையும் கணக்கில் சேர்த்தால் நஷ்டம் தெரியும். உங்களுக்குக் கைவந்த வேலையைப் பாருங்கள். சிறப்புக் குழந்தைகளோடு பத்தாண்டு வேலை செய்தவர்கள் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்குக் கட்டணப் பயிற்சி தரலாம். தெரபி மையம் இருந்தால் வருமானத்துக்கேற்ப மூன்று அடுக்குக் கட்டணம் வைக்கலாம். தொழில் போன்ற வருமானத்துக்குத் தனிக் கணக்குப் புத்தகம் கட்டாயம். கல்வி, மருத்துவம், ஏழைகளுக்கு உதவி போன்றவற்றில் சேராமல் 'பொதுநலன்' என்ற பொதுவான வகையில் வரும் அமைப்பானால் வணிக வரவு மொத்தத்தில் 20%-ஐத் தாண்டக்கூடாது. தொடங்கும் முன் ஆடிட்டரிடம் கேளுங்கள், ஜி.எஸ்.டி. பற்றியும் சேர்த்து.

படி 7: சேமிப்பு வையுங்கள்

"தர்ம ஸ்தாபனம் பணம் சேர்க்கலாமா?" என்று அறங்காவலர்களே தயங்குவார்கள். சட்டம் அனுமதிக்கிறது. ஆண்டு வருமானத்தில் 85% அந்த ஆண்டே நோக்கத்துக்குச் செலவாக வேண்டும். 15% வரை நிபந்தனையின்றி ஒதுக்கலாம். 12 லட்சத்தில் அது 1,80,000, கிட்டத்தட்ட இரண்டு மாதச் செலவு. அதற்கு மேல் ஒதுக்க, காரணம் குறிப்பிட்டு உரிய படிவம் கொடுத்தால் ஐந்து ஆண்டு வரை வைக்கலாம். முதல் இலக்கு மூன்று மாதச் செலவு. அந்த மார்ச் இடைவெளியைத் தாண்ட அது போதும்.

கார்ப்பஸ் வேறு. நன்கொடையாளர் "இது முதலாக இருக்கட்டும்" என்று எழுத்தில் கொடுத்த பணம் அது, வட்டியை மட்டும் செலவழிப்பீர்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலில் அணையாமல் எரியும் நந்தாவிளக்குக்கு 90 அல்லது 96 ஆடு விட்ட செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. மந்தை குறையாமல் காத்து, நெய்யை மட்டும் அளந்தார்கள். கார்ப்பஸும் அதே ஏற்பாடுதான். சட்டம் சொல்லும் முதலீடுகளில், அதாவது வங்கி வைப்பு, அஞ்சலகச் சேமிப்பு, அரசுப் பத்திரம் போன்றவற்றில், மட்டும் போடுங்கள். அறங்காவலரின் உறவினர் நடத்தும் சீட்டில் போடாதீர்கள்.

படி 8: வெளிநாட்டுப் பணம் கடைசியில்

எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டு நன்கொடை வாங்கக்கூடாது. பதிவுக்கு மூன்றாண்டு செயல்பாடும், அந்த மூன்றாண்டில் 15 லட்சம் செலவும் காட்ட வேண்டும். பணம் முதலில் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்கே வரவேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் நிர்வாகச் செலவு 20% வரைதான், வேறு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. சிக்குவது எங்கே என்றால், சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் ஊர்க்காரரிடம்தான். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை அல்ல. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், ஊருக்கு வந்து ரூபாயாகவே கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. ஆகவே பணம் வாங்கும் முன் பாஸ்போர்ட் நகலைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். "நம்ம பையன்தானே" என்று விட்டுவிடாதீர்கள்.

படி 9: மூன்று மாதத்துக்கு ஒரு தாள்

அறங்காவலர் கூட்டத்தில் நான்கு எண்களை மட்டும் வாசியுங்கள்: மிகப்பெரிய நன்கொடையாளரின் பங்கு எத்தனை சதவீதம், நிபந்தனையில்லாத வரவு எவ்வளவு, மாதாமாதம் கொடுப்பவர்கள் எத்தனை பேர், கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும். பெரிய புராஜெக்ட் ஒன்று கிடைத்த காலாண்டில் முதல் எண் ஏறியிருக்கும். பாராட்டி முடித்ததும், அந்தக் கூட்டத்திலேயே பழைய ரசீதுப் பட்டியலிலிருந்து ஆளுக்கு ஐந்து பெயரைப் பிரித்துக் கொடுத்து, யார் யாரை எந்தத் தேதிக்குள் போனில் அழைப்பது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.