செட்டிநாட்டு இலைக்கு எந்த ஒயின்? முதல்முறை வாங்குபவர்களுக்குப் படிப்படியாக

எங்கள் பக்கத்துக் கல்யாணம், சாந்தி, வீட்டு விருந்து என்று எதுவானாலும் வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் வரும்போது ஒயின் பாட்டிலும் கூடவே வருகிறது. அதை எந்தப் பதார்த்தத்தோடு வைப்பது என்று தேடினால் எல்லோரும் சொல்வது ஒரே விதி: ஆட்டுக்கறிக்குச் சிவப்பு, மீனுக்கு வெள்ளை. வெண்ணெயும் உப்பும் மட்டும் போட்டுச் சமைக்கிற ஊருக்கு அது சரி. வரமிளகாய் தூக்கலாகப் போட்ட ஆட்டுக்கறியான நம் உப்புக்கறியோடு கெட்டியான சிவப்பு ஒயினைக் குடித்துப் பார்த்தவர்களுக்கு நாக்கு எரிந்ததுதான் நினைவிருக்கும். அந்த எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் படித்து, வீட்டிலேயே சமைத்து வைத்துச் சோதித்த பிறகு எழுதுகிறேன். தமிழ்நாட்டில் மது வாங்க வயது 21 நிறைந்திருக்க வேண்டும். இது அந்த வயது நிறைந்தவர்களுக்கான பதிவு.

படி 1: கறியை விடுங்கள், மசாலாவைப் பாருங்கள்

இலையில் என்ன வரப்போகிறது என்று பட்டியல் போடுங்கள். கோழியா, இறாலா என்று பிரிக்க வேண்டாம். எது தூக்கலாக இருக்கிறது என்று பிரியுங்கள்.

மிளகு தூக்கலானவை: கோழி மிளகு வறுவல், காடை வறுவல். வரமிளகாய் தூக்கலானவை: உப்புக்கறி, இறால் தொக்கு, நண்டு மசாலா. புளி தூக்கலானவை: மீன் குழம்பு, காரக்குழம்பு, அரிசி கழுவிய தண்ணீரில் புளி சேர்த்துச் செய்யும் மண்டி. தேங்காய், கசகசா, சோம்பு என்று மெத்தென்று இருப்பவை: குருமா, கோலா உருண்டை. கடைசியில் இனிப்பு. ஒரே பதார்த்தத்தில் இரண்டு தூக்கலாக இருந்தால் மிளகாயைக் கணக்கில் எடுங்கள். ஒயினைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான்.

படி 2: லேபிளில் திராட்சைப் பெயரைத் தேடுங்கள்

நம் நாட்டு ஒயின்களில் பெரும்பாலும் திராட்சையின் பெயரே முன்பக்கத்தில் இருக்கும். பழகுவதற்கு ஒரே தயாரிப்பாளரின் பாட்டில்களை எடுத்துக்கொள்வது நல்லது. திராட்சைக்குத் திராட்சை என்ன மாறுகிறது என்பது தெளிவாகத் தெரியும். நான் நாசிக்கின் சுலாவைச் சொல்வேன், எளிதில் கிடைப்பதால். ராஜீவ் சமந்த் தொடங்கிய இந்த நிறுவனத்தின் முதல் ஒயின்கள் 2000இல் வெளிவந்தன. நாசிக்கில் திராட்சை அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச் வரை, குளிர்காலம் முடிகிற சமயத்தில். ஐரோப்பாவில் அது இலையுதிர் காலத்து வேலை.

தெரிந்துகொள்ள வேண்டிய பெயர்கள் சில. செனின் பிளாங்க், பிரான்ஸின் லுவார் பள்ளத்தாக்குத் திராட்சை; நல்ல புளிப்பு உண்டு, சுலாவின் பாட்டிலில் கொஞ்சம் இனிப்பும் நிற்கும். ரீஸ்லிங், ஜெர்மனியின் திராட்சை; எலுமிச்சை போன்ற புளிப்பு, நல்ல வாசனை. சாவிஞான் பிளாங்க், பச்சை வாசனையும் கூர்மையான புளிப்பும். சின்ஃபான்டெல் ரோஸே, இளஞ்சிவப்பு, பழ வாசனை. ஷிராஸ், கருஞ்சிவப்பு, மிளகு வாசனை. கேபர்நே சாவிஞான், துவர்ப்பு மிகுந்தது.

இதில் நான் செட்டிநாட்டு மேசைக்கு முதலில் வாங்கச் சொல்வது செனின் பிளாங்க். ஒரே ஒரு பாட்டில்தான் வாங்க முடியும் என்றாலும் அதுவே. கேபர்நேயைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனை 2003இலிருந்து டாஸ்மாக் கையில்தான் இருக்கிறது. ஒயின் வகைகள் எலைட் கடைகளில் கிடைக்கும். மதுரை, திருச்சி போகும்போது பார்த்துவையுங்கள். நினைத்த திராட்சை எப்போதும் இருக்காது, அதனால் பெயரை இரண்டு மூன்றாக எழுதிக்கொண்டு போங்கள். வெளிமாநிலத்திலிருந்து கொண்டு வருவதில் சட்டச் சிக்கல் உண்டு, அந்த வழி வேண்டாம்.

படி 3: எரிச்சலைப் புரிந்துகொள்ளுங்கள்

எனக்குப் பிடிபட நாளானது இந்தப் படிதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வரமிளகாயில் இருக்கும் கேப்சைசின் உண்மையில் ஒரு சுவையே இல்லை. சூடு பட்டால் உணர்கிற அதே நரம்பு வாங்கிகளைத் தட்டி எழுப்பி, வாய் வேகிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. சாராயச் சத்தும் அதே வாங்கியைத்தான் தூண்டுகிறது. அதனால் 14 சதவீதம் சாராயச் சத்துள்ள ஒயினை உப்புக்கறியின் மேல் ஊற்றினால் காரம் தணியாது, ஏறும். அடுத்தது துவர்ப்பு. சிவப்பு ஒயினில் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் டானின், எச்சிலில் இருக்கும் வழவழப்பான புரதங்களைப் பற்றிக்கொள்கிறது. வாய் உலர்ந்து, ஏற்கெனவே எரிகிற நாக்கில் சொரசொரப்பும் சேர்கிறது. சிவப்பு ஒயின் நம் சாப்பாட்டுக்கு ஒத்துவராது என்று பலர் ஒதுக்குவதற்கு இந்த இரண்டும் சேர்ந்ததுதான் காரணம்.

எதிர்ப்பக்கத்தில் நமக்கு உதவி செய்பவை மூன்று: இனிப்பு, குளிர்ச்சி, குறைந்த சாராயச் சத்து. இலேசான இனிப்பு எரிச்சலை அமுக்கும். சூட்டை உணர்கிற வாங்கியாயிற்றே, குளிர்ந்த ஒயின் அதை நேராகவே ஆற்றும்.

படித்தால் மட்டும் போதாது, செய்து பாருங்கள். தொக்கில் ஒரு வாய் எடுத்து மென்று விழுங்குங்கள். பத்து விநாடி பொறுத்து, ஒரு மிடறு செனின் பிளாங்க். பிறகு கொஞ்சம் வெறும் சோறு; தண்ணீர் வேண்டாம். மறுபடி தொக்கு, இப்போது கேபர்நே. வித்தியாசம் யாருக்கும் தெரியும். பத்து விநாடி ஏன் என்றால், மிளகாயின் எரிச்சல் வாயில் வைத்தவுடன் முழுசாக வராது, மெல்ல ஏறும். உடனே குடித்தால் எல்லா ஒயினும் நன்றாகத்தான் இருக்கும்.

மிளகு வேறு கதை. மிளகின் பைப்பரினும் எரிக்கும், ஆனால் கேப்சைசின் அளவுக்கு இல்லை. தவிர, மிளகின் வாசனைக்குக் காரணமான ரொட்டண்டோன் என்ற பொருள் ஷிராஸ் திராட்சையிலும் இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் கண்டறிந்தார்கள். இரண்டிலும் இருப்பது ஒரே மூலக்கூறு. மிளகாயைக் குறைத்து, அப்போதே இடித்த மிளகில் கோழியை வறுத்து ஷிராஸோடு வைத்தால், இரண்டின் வாசனையும் ஒன்றையொன்று தூக்கிவிடும். எனக்கு இந்த ஜோடி மேல் தனிப் பிரியம்.

படி 4: குளிர வையுங்கள், சிவப்பையும்

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாறு என்பது குளிர்ந்த கல்வீடுகள் இருக்கும் நாட்டுப் பேச்சு. அது ஏறக்குறைய 16 முதல் 18 டிகிரி. சித்திரையில் நம் வளவுக்குள்ளேயே 30 டிகிரிக்குக் குறையாது. அந்தச் சூட்டில் ஷிராஸ் வெறும் சாராய நெடியாகத்தான் தெரியும். சிவப்பை முக்கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெள்ளையையும் ரோஸேயையும் மூன்று மணி நேரம்.

கூட்டம் அதிகம், ஃப்ரிட்ஜில் இடமில்லை என்றால் எவர்சில்வர் வாளிதான் எனக்குப் பிடித்த கருவி. பாதி ஐஸ், பாதி தண்ணீர், இரண்டு கைப்பிடி கல் உப்பு. பாட்டிலைக் கழுத்துவரை இறக்கினால் இருபது நிமிடத்தில் வெள்ளை தயார். தண்ணீர் இல்லாமல் ஐஸ் மட்டும் போட்டால் இடைவெளிதான் அதிகம், பாட்டில் சீக்கிரம் குளிராது.

படி 5: இலையோடு சேர்ப்பது

கோலா உருண்டை, வாழைப்பூ வடை என்று எண்ணெயில் பொரித்தவை முதலில் வந்தால் சுலா ப்ரூட் போன்ற நுரைக்கும் ஒயின் அருமை. எண்ணெய்ப் பிசுக்கை வழித்துக்கொண்டு போகும். ஆனால் மிளகாய் வந்தவுடன் நுரையை நிறுத்திவிடுங்கள். குமிழிகள் எரியும் நாக்கைக் குத்தும்.

மீன் குழம்புக்கும் மண்டிக்கும் ரீஸ்லிங் அல்லது சாவிஞான் பிளாங்க். ஒயினின் புளிப்பு குழம்பின் புளிப்புக்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஒயின் சப்பென்று போய்விடும். உப்புக்கறி, தொக்கு, நண்டு மசாலாவுக்கு செனின் பிளாங்க், இல்லாவிட்டால் ரோஸே. மிளகு வறுவலுக்கு ஷிராஸ். கல்பாசி, பட்டை, கிராம்பு தூக்கலாகப் போட்டு மிளகாய் குறைத்த மட்டன் சுக்காவுக்கு மட்டும் நந்தி மலைப் பக்கத்து குரோவர் நிறுவனத்தின் லா ரிசர்வ் எடுக்கலாம். கேபர்நேயும் ஷிராஸும் கலந்து ஓக் மரப் பீப்பாயில் வைத்தது அது. பீப்பாய் தருகிற கிராம்பு வாசனை சுக்காவின் மசாலாவோடு நன்றாகச் சேரும்.

கவுனி அரிசிக்கும் கந்தரப்பத்துக்கும் லேட் ஹார்வெஸ்ட் செனின். பழத்தைக் கொடியிலேயே அதிக நாள் விட்டு இனிப்பு ஏறியபின் பறித்துச் செய்வது. பதார்த்தத்தைவிட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டும், அதனால் கவுனியில் சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்லுங்கள்.

கிளாஸ் விஷயத்தில் என் கருத்து திடமானது: தண்டு வைத்த சாதாரணக் கண்ணாடிக் கிளாஸ், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், வாசனை அடைபடும். முடிந்தவரை திருகு மூடி பாட்டிலாகவே வாங்குங்கள்.

பின்சேர்க்கை, வாசகர்கள் கேட்டவை

ஷிராஸில் மிளகு வாசனையே வரவில்லை என்று சிலர் எழுதினார்கள். உங்கள் மூக்கில் குறை இல்லை. அந்த 2008 ஆய்விலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ரொட்டண்டோன் வாசனை தெரியவில்லை. வேறு ஷிராஸும் முயன்று பாருங்கள். குளிர்ந்த இடத்தில் விளைந்த பழத்தில் அது கூடுதல்.

கம்பம் பன்னீர் திராட்சையில் செய்த ஒயின் பொருந்துமா என்று தேவகோட்டையிலிருந்து ஒருவர் கேட்டார். அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை, 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. பெரும்பாலும் சாப்பிடும் பழமாகத்தான் விற்கிறது. அதில் செய்யும் இனிப்பு ஒயின் கையில் கிடைத்தால், நன்றாகக் குளிர வைத்து வெள்ளைப் பணியாரத்துக்குத் தருகிற வரமிளகாய்ச் சட்னியோடு சாப்பிட்டுப் பாருங்கள். ரோஸேயைவிட எனக்கு அது பிடித்திருந்தது.

மீந்த பாட்டிலை மூடி ஃப்ரிட்ஜில் நிமிர்த்தி வைத்தால் வெள்ளையும் ரோஸேயும் மூன்று நாள் தாங்கும், சிவப்பும் அப்படித்தான். நுரைக்கும் வகையை மட்டும் திறந்த அன்றே முடித்துவிடுங்கள்.