மதத்தைக் காட்டிப் பள்ளியில் இடம் மறுத்தால் பெற்றோர் செய்ய வேண்டியவை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைப் போன்ற தோட்டப்புற நகரத்தில் அரசாங்கப் பள்ளியொன்று ஒரு பிள்ளைக்கு இடம் மறுத்தால், அதற்கு மதம்தான் காரணமா, வேறு ஏதேனும் உண்டா என்பதைப் பெற்றோர் முதலில் பிரித்தறிய வேண்டும். அரசு நடத்தும் கல்விக்கூடங்களில் மாணவரைச் சேர்ப்பதிலும் கட்டணம் வாங்குவதிலும் மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாக்கிக் குடிமக்களிடையே பாகுபாடு காட்டக் கூடாது என்று கூட்டரசு அரசியலமைப்பின் 12ஆவது பிரிவு கூறுகிறது. வகுப்பு நிரம்பிவிட்டது என்பதும், பிறப்புப் பத்திரம் இல்லை என்பதும் இதில் அடங்கா. பத்திரச் சிக்கலுக்குத் தேசியப் பதிவிலாகாவைத்தான் நாட வேண்டும். தனியார் பள்ளிகளும், ஒரு மதத்தார் தம் பிள்ளைகளின் மதக் கல்விக்காக நடத்தும் நிலையங்களும் வேறு வகை.

ஆகவே வாய்ச்சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டு வீடு திரும்பாதீர்கள். அன்றே தலைமையாசிரியருக்கு மலாய் மொழியில் கடிதம் எழுதி, பிள்ளையின் பெயர், மைகிட் (பிள்ளையின் அடையாள அட்டை) எண், விண்ணப்பித்த நாள், அலுவலகத்தில் சொல்லப்பட்ட பதில், சொன்னவரின் பதவி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, மறுப்பின் காரணத்தை எழுத்தில் தருமாறு கேளுங்கள். நீங்கள் வைத்துக்கொள்ளும் நகலில் பள்ளியின் சாப்பும் (முத்திரையும்) தேதியும் இல்லையென்றால், அப்படியொரு கடிதமே வரவில்லை என்று பின்னர் சொல்லிவிட முடியும். குற்றம் சாட்டி எழுத வேண்டாம். பழி சுமத்தும் கடிதத்துக்குத் தற்காப்பான பதிலே வரும், கேள்விக்கோ காரணம் வரக்கூடும். மலாயில் எழுதத் தடுமாறினால் கோயில் நிர்வாகத்திலோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலோ எழுதத் தெரிந்தவரைக் கேட்கத் தயங்காதீர்கள்.

பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் மதத்தையே சுட்டினால், அந்த நகல்களுடன் கோலகங்சார் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும், அதன் பிறகு ஈப்போவிலுள்ள மாநிலக் கல்வி இலாகாவுக்கும் செல்லுங்கள். மனித உரிமை ஆணையமான சுஹாக்காமிடம் புகார் செய்யலாம். ஆனால் அந்த ஆணையத்தால் பள்ளிக்கு உத்தரவிட முடியாது. உயர்நீதிமன்றத்தில் நீதித்துறை மறுஆய்வு, அதாவது அரசுத் தரப்பின் முடிவு சட்டப்படி சரியா என்று நீதிமன்றம் பார்ப்பதை, கோருவதற்கான கெடு பொதுவாக மூன்று மாதம் என்பதால், கடிதப் போக்குவரத்திலேயே அந்தக் காலத்தைக் கரைத்துவிடாமல் முன்கூட்டியே ஒரு வழக்கறிஞரையோ சட்ட உதவி இலாகாவையோ அணுகுவது நல்லது. ஐ.நா. சிறுவர் உரிமை உடன்படிக்கையில் மலேசியா 1995இல் இணைந்திருந்தாலும், பாகுபாட்டுக்கு எதிரான அதன் 2ஆவது விதி உட்படச் சிலவற்றுக்கு விலக்குக் கோரியிருப்பதால், புகாரில் அரசியலமைப்பையே முன்னிறுத்துங்கள்.

சேர்க்கை கிடைத்த பிறகும், தன் மதமல்லாத மதத்தின் போதனையிலோ வழிபாட்டிலோ பிள்ளை பங்கேற்க வேண்டும் என்று எவரும் கட்டாயப்படுத்த முடியாது. இதுவும் 12ஆவது பிரிவில் உள்ளதே. பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் மதத்தைப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் முடிவு செய்வர். பெற்றோர் இருவரும் இருக்கும்போது பிள்ளையின் மதமாற்றத்துக்கு இருவரின் சம்மதமும் தேவை என்று இந்திராகாந்தி என்ற மலேசியத் தாயின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரியில் தீர்ப்பளித்தது. எனவே பதிவுப் படிவத்தின் மதப் பகுதியைத் தாய், தந்தை இருவரும் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

புகார் நடக்கும்போது பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம் என்பதால் பொறுப்பு பெற்றோர் மீதே விழும். அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியிலோ இடமுள்ள வேறு பள்ளியிலோ இப்போதைக்குச் சேர்த்துவிட்டு, பின்னர் மாற்றம் கோரலாம்.