மெயிலை வேறு சர்வருக்கு மாற்றப் போகிறீர்களா? எம்எக்ஸ் ரெக்கார்டைத் தொடும் முன் படியுங்கள்

உங்கள் டொமைன் முகவரிக்கு யாராவது மெயில் போட்டால், அவருடைய சர்வர் உங்கள் வெப்சைட் எங்கே ஓடுகிறது என்று பார்க்காது, அந்த டொமைனுக்கு எம்எக்ஸ் ரெக்கார்டு (மெயிலை எந்த சர்வர் வாங்கும் என்று சொல்லும் வரி) என்ன என்றுதான் இணையத்தின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ்ஸில் முதலில் கேட்கும். பதிலில் ஒரு சர்வர் பெயரும் ஓர் எண்ணும் வரும். சிறிய எண்ணுக்குத்தான் முன்னுரிமை. 10, 20 என்று இரண்டு இருந்தால் முதலில் 10, அது கிடைக்காவிட்டால்தான் 20. எம்எக்ஸே இல்லையென்றால் டொமைனின் ஏ ரெக்கார்டு (பெயருக்கு உரிய ஐபி எண்ணைச் சொல்லும் வரி) காட்டும் ஐபிக்குப் போய்ப் பார்க்கும்.

சரி, மாற்றும் முறை. டிடிஎல் (ஒரு பதிலை எத்தனை விநாடி நினைவில் வைக்கலாம் என்ற எண்) 86400 என்று இருந்தால் மற்ற டிஎன்எஸ் சர்வர்கள் பழைய பதிலையே ஒரு நாள் வரை வைத்திருக்கும், அதனால் இரண்டு நாள் முன்பே அதை 300 ஆக்கிவிடுங்கள். புதிய இடத்தில் எல்லா மெயில்பாக்ஸையும் முதலில் உருவாக்குங்கள், இல்லாவிட்டால் வரும் மெயில் அப்படியே திரும்பிப் போகும். அப்புறம்தான் எம்எக்ஸ். அதில் சர்வர் பெயர்தான் வர வேண்டும், ஐபி எண் கூடாது, அந்தப் பெயர் ஒரு சி-நேம் (CNAME, வேறொரு பெயரைக் காட்டும் மாற்றுப் பெயர்) ஆகவும் இருக்கக் கூடாது. பழைய எம்எக்ஸ் வரிகளை நீக்குங்கள், ஆனால் பழைய மெயில்பாக்ஸை ஒரு வாரமாவது மூடாதீர்கள்.

பலர் தவறவிடுவது இதைத்தான்: வெப்சைட் பழைய ஹோஸ்டிங்கிலேயே இருந்தால், அந்த சர்வர் உங்கள் டொமைனின் மெயில் இன்னும் தன்னிடமே இருப்பதாக நினைத்து எம்எக்ஸைக் கேட்காமலே பழைய பெட்டியில் போட்டுவிடும். வெளியிலிருந்து வரும் மெயில் எல்லாம் ஒழுங்காக வரும், உங்கள் சைட்டின் தொடர்புப் படிவத்தில் வாடிக்கையாளர் எழுதியது மட்டும் வராது, யாருக்கும் காரணம் புரியாது. ஹோஸ்டிங்கின் நிர்வாகப் பக்கமான சிபேனலில் ஈமெயில் ரூட்டிங் பகுதிக்குப் போய் ரிமோட் என்று மாற்றினால் தீர்ந்தது.

வெப்சைட்டை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றுபவர்கள் நேம்சர்வரை (டொமைனின் டிஎன்எஸ் வரிகளை வைத்திருக்கும் சர்வர்) தொடாமல் ஏ ரெக்கார்டை மட்டும் மாற்றுவதே நல்லது. நேம்சர்வரை மாற்றினால் எம்எக்ஸ், டிஎக்ஸ்டி (உரை வரி) எல்லாவற்றையும் புதிய இடத்தில் மறுபடி எழுத வேண்டும்.

எம்எக்ஸ் வரவுக்கு மட்டும்தான். அனுப்பும் மெயிலுக்கு எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் டிஎன்எஸ் வரி) வேண்டும். புதிய சேவையைப் பழைய எஸ்பிஎஃப் வரியிலேயே சேருங்கள், தனியாக இரண்டாவது எழுதினால் இரண்டும் செல்லாது. டிகேஐஎம் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையெழுத்து) சாவியையும் புதிய சேவையிடம் வாங்கிப் போடுங்கள். பிறகு ஒரு ஜிமெயில் முகவரிக்கு அனுப்பி, மூலச் செய்தியைத் (Show original) திறந்து எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டுக்கும் பாஸ் என்று வந்திருக்கிறதா பாருங்கள்.