கல்லூரியில் அரசியல் பேச்சு: நாம் செய்யும் தவறுகள்

18 வயதில் ஓட்டுரிமை 1989-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 21 வயது ஆகவேண்டும். இன்று முதலாமாண்டு சேரும் பிள்ளைகள் பெரும்பாலும் அந்த ஆண்டு முடிவதற்குள் ஓட்டுப்போடும் வயதை எட்டிவிடுகிறார்கள். ஆசிரியர்களான நாம் அவர்களிடம் சேர்க்கை நாளன்றே "இங்கே அரசியல் எல்லாம் பேசக்கூடாது" என்று சொல்லிவிடுகிறோம். கட்சிக் கொடியும் வசூலும் வளாகத்துக்குள் வேண்டாம் என்றால் நியாயம். பேச்சே வேண்டாம் என்பது பெரிய தவறு. 1965-ல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவுக்கு வந்ததும் மாணவர்கள்தான், 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் உட்கார்ந்ததும் மாணவர்கள்தான். வகுப்பில் அடைத்த பேச்சு விடுதி அறைக்கும் வாட்ஸ்அப் குரூப்புக்கும் போகும். அங்கே வாக்குவாதம் முற்றினால் "சரி, முதலில் அவன் சொல்வதைக் கேள்" என்று சொல்ல ஆள் இருக்காது.

ஜனவரி 25 தேசிய வாக்காளர் தினம். உறுதிமொழி, பேரணி, பதாகை, போட்டோ. அதோடு விட்டுவிடுவது அடுத்த தவறு. என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) பொறுப்புக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு வருடம் பேரணி முடிந்து திரும்பும்போது, பதாகை பிடித்து வந்த பையனிடம் "பட்டியலில் உன் பேர் இருக்கா தம்பி?" என்று கேட்டேன். "இல்லை மேடம், எனக்கு ஊர் தூத்துக்குடி பக்கம். இங்கே எப்படிப் பதியறது?" என்றான். எனக்கே அப்போது பதில் தெரியாது.

விடுதியில் தங்கிப் படிப்பவர் சொந்த ஊர் முகவரியிலோ விடுதி முகவரியிலோ, ஏதாவது ஒன்றில் பதியலாம். இரண்டிலும் வைத்துக்கொள்வது சட்டப்படி கூடாது. விடுதி என்றால், பட்டியலில் புதிதாகப் பேர் சேர்க்கும் படிவம் 6-உடன், இங்கே படிக்கிறார் என்று கல்லூரி முதல்வர் தரும் போனஃபைடு சான்றிதழ் வேண்டும். மாணவர்களுக்குத் தபால் ஓட்டு கிடையாது, அதனால் ஊரில் பேர் வைத்தவர் வாக்குப்பதிவு நாளில் ஊரில் இருந்தாக வேண்டும். 17 வயது முடிந்தாலே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். 18 நிறைகிறதா என்று ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதியை வைத்துப் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் வாக்காளர் உதவி எண் 1950-க்குப் போன் செய்யலாம்.

அப்புறம், விவாதம் என்றாலே நமக்குப் பட்டிமன்றம். எனக்குப் பட்டிமன்றம் மிகவும் பிடிக்கும், மேடையும் ஏறியிருக்கிறேன். ஆனால் எதிரணி சொன்னது சரி என்று அங்கே ஒப்புக்கொண்டால் நம் அணி தோற்றது. வகுப்பில் அரசியல் பேச அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டால் கைதட்டல்தான் மிஞ்சும். மருத்துவப் படிப்பில் சேர்வதற்கான நீட் தேர்வு பற்றி வகுப்பில் பேசியபோது ஒரே ஒரு விதி வைத்தேன். மறுப்பதற்கு முன் அடுத்தவர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்ற பிறகே மறுக்கலாம். "பணம் கொடுத்து சீட் வாங்குவது குறையும்" என்றாள் நீட்டை ஆதரித்த மாணவி. "கிராமத்துப் பிள்ளைகள் டாக்டர் ஆக வேண்டாம் என்கிறாள்" என்று திருப்பிச் சொன்னான் எதிர்த்துப் பேச எழுந்தவன். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே!" மூன்றாவது தடவைதான் சரியாகச் சொன்னான். அதன்பின் அவன் குரலே இறங்கிவிட்டது. "சரி, கோச்சிங்குக்குப் பணம் இல்லாதவன் என்ன செய்வான்?" என்று கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இருவரும் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

"நீ எந்தக் கட்சி?" என்று மாணவரிடம் கேட்காதீர்கள். உங்கள் கட்சியைச் சொல்லியும் ஆள் பிடிக்காதீர்கள். இன்டர்னல் மார்க் போடும் கை நம்முடையது. பேச்சு கருத்தை விட்டு ஒருவரின் சாதிக்குத் தாவினால் "விடுங்கப்பா" என்று மழுப்புவது மிக மோசமான தவறு. அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்தி, சொன்னவரைத் திரும்பப் பெற வைக்க வேண்டும்.

டெல்லியையும் கோட்டையையும் மட்டுமே பேசிவிட்டு ஊராட்சியை மறந்துவிடுகிறோம். தமிழ்நாட்டில் கிராமசபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. பாதிக்கு மேல் விடுமுறை நாட்கள், பிள்ளைகள் ஊரில் இருப்பார்கள். அந்த ஊராட்சியின் வாக்காளர்தான் கிராமசபை உறுப்பினர் என்பதால், விடுதி முகவரியா ஊர் முகவரியா என்று முடிவெடுக்கும் முன் இதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

ஓர் அக்டோபர் 2 அன்று மாணவி ஒருத்தியின் ஊருக்கு நாலு பேரோடு போனேன். சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, நாங்கள் ஓரமாக உட்கார்ந்தோம். கூட்டம் தொடங்கும் முன்பே, கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச ஆள் கணக்கை (கோரம்) சேர்க்கக் கையெழுத்து நோட்டு சுற்றி வந்தது. அவள் பேனாவைத் திறக்கவில்லை. "தீர்மானத்தைப் படிச்சுக் காட்டுங்கண்ணே, அப்புறம் போடறேன்." செயலாளர் படித்தார். மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதி எழுதப்படவே இல்லை என்று அவள் சொன்னதையும் சேர்த்து எழுதினார். எட்டிப் பார்த்து, ஒரு தடவை வாசித்து, கையெழுத்துப் போட்டாள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்த அவள் சித்தி நோட்டைத் திரும்பக் கேட்டு வாங்கினார். "எனக்கும் படிச்சுக் காட்டு பாப்பா" என்றார்.