விண்டோஸ், மேக், லினக்ஸ்: மூன்றுக்கும் ஒரே போல்டர்

திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு சின்னக் கந்தோர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு விண்டோஸில், டிசைன் மேக்கில், மூலையில் உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) போட்ட பழைய கணினி. பைல் கொடுக்க இன்னும் பென் டிரைவ்தானா? நெட்வொர்க் வழியே பைல் பகிரும் முறையான எஸ்எம்பி மூன்றுக்கும் தெரியும். உபுண்டுவில் அந்த முறைக்கான சம்பா மென்பொருளை நிறுவி ஒரு போல்டரைப் பகிருங்கள். சம்பாவுக்குக் கடவுச்சொல்லைத் தனியாக அமைக்க வேண்டும். உபுண்டுவில் நுழையும் கடவுச்சொல் தானாக அங்கே போகாது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

விண்டோஸில் பைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டியில் இரண்டு பின்சாய்கோடு போட்டு, சம்பா இருக்கும் கணினியின் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதற்குரிய எண்) அடியுங்கள். மேக்கில் ஃபைண்டரின் கோ மெனுவில் ‘கனெக்ட் டு சேர்வர்’.

கரண்ட் போய் வந்ததும் போல்டரைக் காணவில்லையா? ரவுட்டர் வேறு ஐபி கொடுத்திருக்கலாம். ரவுட்டர் அமைப்பில் அந்தக் கணினிக்கு ஒரே ஐபியை ஒதுக்கிவிடுங்கள். யாராவது பழைய பதிப்பான எஸ்எம்பி 1-ஐ இயக்கச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள்; 2017-இல் பைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாகிரை என்ற தீநிரல் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான்.

அப்புறம் பைல் பெயர். ‘பில் 10:30’ என்று லினக்ஸில் சேமிக்கலாம், விண்டோஸ் முக்காற்புள்ளியை ஏற்காது. ‘பில் 10-30’ என்றே எழுதிப் பழகுங்கள்.